ஜெல் மாமியும் கோலாலம்பூர் வகுப்பும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் முழங்கால் என்று ஒன்றை வைத்திருந்த எவரும் ஜெல் மாமியின் கையிலிருந்து தப்பியதில்லை. முழங்கால் தப்பினால் தோள் மாட்டும். தோளும் தப்பினால் மணிக்கட்டு. குளத்தோரம் பூ வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். பின்னாலிருந்து ஒரு கை உங்கள் தோள்பட்டையைப் பிடித்து அழுத்தும். திரும்பினால், நெற்றியில் அகலமான குங்குமத்தோடு ஓர் அம்மாள்.

"வலிக்கறதா?"

"இல்லையே."

"நெஜமாவே இல்லையா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

இல்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். அந்த வாட்டத்தைக் காணச் சகிக்காமல் வலிக்கிறது என்று பொய் சொன்னவர்கள் பலர். சொன்னவர்கள் மறுநாள் காலை தி. நகரில் எங்கள் ஸ்கேன் சென்டரில் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மாமி டாக்டர், ஸ்கேன் படிப்பில் ஊறியவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளநிலை டாக்டர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளின் வயிறு; மிஞ்சினால் பித்தப்பைக் கல். அதே கருவியில், விளையாட்டில் அடிபட்ட தசையையும் தசைநாணையும் பார்க்கலாம் என்று மாமி சொன்னபோது மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். லிஃப்ட் ஓட்டும் கஜபதிகூடச் சிரித்தார்.

"இன்னா டாக்டரம்மா, முட்டிக்குமா ஸ்கேனு? உள்ள இன்னா கொழந்தையா கீது?"

"இருந்தா உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். உன் முட்டி ஏன் லொடக்கு லொடக்குங்கறது? உள்ளே வா."

அன்று லிஃப்ட் வெகுநேரம் மூன்றாவது மாடியிலேயே நின்றது. நிறைமாதக் கர்ப்பிணிகள் படியேறி வந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் கருவியின் கைப்பிடியை, அதைப் புரோப் என்போம், உடம்பில் வைக்குமுன் தடவுகிற வழவழப்பான பசைதான் ஜெல். மாமியின் கைப்பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். அவருடைய புடவைகள் எல்லாவற்றிலும் எங்காவது ஓரிடத்தில் அது காய்ந்து மொடமொடவென்று நிற்கும். பெயர் அப்படித்தான் வந்தது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மயிலாப்பூரில் யாருக்கும் ஆளை அடையாளம் தெரியாது.

கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வருகிற ரகம் நான். நாலு பேர் பார்க்கும்படி எதுவும் நடந்துவிடக்கூடாது என்பது என் தினசரிப் பிரார்த்தனை. இப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட மாமி. அவரோடு வெளியே போனால் நான் இரண்டடி பின்னாலேயே நடப்பேன். கேட்டால், மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானம் மைதானமாகப் போய் நிற்பார். அவரைத் தூரத்தில் கண்டதுமே பந்து வீச ஓடி வருகிறவன் வேகத்தைக் குறைப்பான்.

"மாமி வந்துட்டாங்க மச்சி, பாத்து ஓடு. விழுந்தே, அவ்ளோதான்."

மாமி எல்லைக் கோட்டில் குடை பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்பார். "இன்னும் ஒருத்தனும் விழலையாடி? என்ன ஆட்டம் ஆடறா இவா?"

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாணம். மாங்கல்யதாரணம் ஆகப்போகிறது, கெட்டிமேளம் முழங்குகிறது. எல்லோரும் மணமேடையைப் பார்க்க, மாமி மட்டும் தவில்காரரின் வலது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறியதும் நேரே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மடக்கும்போது இங்கே ஏதோ நழுவறதே, தெரியறதா உங்களுக்கு?"

"தெரியுதும்மா. ஆறு மாசமா ராத்திரில குத்துது. எங்க காட்டினாலும் ஒண்ணும் இல்லைங்கறாங்க."

"ஒண்ணும் இல்லாமயா? கையைச் சும்மா வெச்சுண்டு படம் எடுத்தா எப்படித் தெரியும்? நாளைக்கு வாங்கோ. தவிலையும் எடுத்துண்டு வாங்கோ."

நான் அலங்கார வாழை மரத்துக்குப் பின்னால் நின்றேன். அதனால் வந்த தலைவலி மறுநாள் சென்டரில்தான் முழுதாகத் தெரிந்தது. தவில்காரர் கட்டிலில் உட்கார்ந்து தவில் வாசிக்க, மாமி அவர் முழங்கையில் புரோப்பை வைத்துக்கொண்டு "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்றார். திரையில் ஒரு நரம்பு, ஒவ்வோர் அடிக்கும் எலும்பு மேட்டைத் தாண்டித் துள்ளியது. மாமி கண்டுபிடித்தது நிஜம்தான். ஆனால் வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே வளைகாப்பு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். சென்டர் முதலாளி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீயாவது படிச்ச பொண்ணா எடுத்துச் சொல்லக்கூடாதாம்மா?" என்றார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அதையும் மிஞ்சியது ஆட்டுக்கால். தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் வெள்ளை நாடா. அதைப் பார்த்துப் பழக மனுஷக் கால் கிடைக்காத நாட்களில் ஆட்டுக்கால் போதும் என்று எங்கோ படித்துவிட்டார். வெங்காயத்தைக்கூட வீட்டுக்குள் விடாத மாமி கறிக்கடைக்குப் போவதெப்படி? என்னை அனுப்பினார். கடைக்காரப் பாய் அன்பாகத்தான் கேட்டார்.

"சூப்புக்கா மா? வெட்டித் தரவா?"

"வெட்ட வேண்டாம் பாய். முழுசா வேணும். ஸ்கேன் எடுக்க."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "அதுக்கு இன்னாமா ஒடம்பு? காலைலகூட நல்லாத்தானே நின்னுகினு இருந்திச்சு."

வரிசையில் நின்ற மொத்த ஜனமும் சிரித்தது. டிபன் கேரியரில் ஆட்டுக்காலோடு நான் பஸ் ஏறியபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. நடத்துனர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அந்த ஆட்டுக்காலில்தான் மாமி எனக்கு வித்தையைச் சொல்லித்தந்தார். "புரோப் தோலுக்கு நேரா நிமிர்ந்து நிக்கணும். அப்பத்தான் நாண் பளிச்சுனு வெள்ளையா தெரியும். துளி சாஞ்சா, நல்ல நாணே கறுத்துப்போய், கிழிஞ்ச மாதிரி பொய் சொல்லும். இதை நம்பி எத்தனை பேருக்குக் கத்தி வெக்கப்போறாளோ! கறுப்பைப் பார்த்தா மொதல்ல உன் கையைச் சந்தேகப்படு. அப்புறம் நோயாளியை."

என் கையைச் சந்தேகப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு பாடத்தில் நான் பிறவியிலேயே தேறியவள். அதனாலோ என்னவோ, புரோப் பிடிப்பது மட்டும் எனக்கு நன்றாக வந்தது.

கோலாலம்பூர் எங்களைத் தேடி வந்தது பாண்டி பஜார் நடைபாதைப் பள்ளத்தின் புண்ணியத்தில். கல்யாணப் பட்டு வாங்க வந்த மலேசியத் தமிழ் டாக்டர் ஒருவர் அதில் கால் வைத்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். ஜவுளிக்கடையிலேயே மாமி அவரைப் பிடித்துவிட்டார். சென்டருக்கு அழைத்துவந்து, எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார்களில் எது எவ்வளவு பிய்ந்திருக்கிறது என்று திரையில் மாமி காட்டக் காட்ட, அவர் வலியை மறந்தார். விளையாட்டு வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பவராம்.

"எங்க ஊர் டாக்டருங்களுக்கு இதை வந்து சொல்லித் தர்றீங்களா டாக்டர்? நல்லா அமைஞ்சா வருஷா வருஷம் நீங்களே தலைமை ஏத்து நடத்தலாம்."

அவர் போன பிறகு மாமி புரோப்பை இரண்டு முறை துடைத்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர்னு கூப்பிட்டார், கவனிச்சியா?" என்றார். "இந்த ஊர்ல எல்லாருக்கும் நான் ஒரு கோமாளி. அங்க போய் ஒரு நாளாவது டாக்டரா நின்னுட்டு வந்துடறேன்டி. யாரும் சிரிக்கப்படாது. நீதான் புரோப் பிடிக்கணும். நான் பேச ஆரம்பிச்சா எனக்கு ரெண்டு கையும் வேணும்."

என் மகளுக்கு அப்போது பத்து மாதம், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். "நாலு நாள்தானே, அக்கா வந்து பார்த்துக்குவாங்க, போய்ட்டு வா" என்றார் என் கணவர். சரி என்றேன். சரி என்றது சரிதானா என்று விமானம் ஏறும்வரை யோசித்தேன். விமானம் ஏறிய பிறகு அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

பயணம் முழுக்க மாமி கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் ஒருத்தி லேசாக நொண்டினாள். மாமியின் விரல்கள் துடித்தன. கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை பெரிய தவத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வகுப்பு நாளன்று அரக்குப் பட்டு உடுத்தி வந்தார். முதன்முறையாக ஜெல் கறையில்லாத புடவை. மேடையில் ஒரு கட்டில், கருவி, எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரை. எதிரே நாற்பதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள். முன்வரிசையில் அவர்களுடைய தலைவர். தங்கப் பிரேம் கண்ணாடி போட்ட, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற பெரியவர். அடுத்த வருடத் தலைமை யாருக்கு என்பது அவர் கையில்.

ஸ்கேனுக்குத் தோளைக் கொடுக்க ஓர் இளம் பாட்மிண்டன் ஆட்டக்காரர் வந்திருந்தார். மறுவாரம் அவருக்கு ஒரு பெரிய போட்டி. நான் புரோப் பிடித்தேன். மாமி பேசினார். என்ன பேச்சு! அவருடைய ஆங்கிலத்தில் மயிலாப்பூர் மணந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. பேனாக்கள் ஓடின. தலைவர் இரண்டு முறை தலையாட்டினார். எனக்கே பெருமையாக இருந்தது. மாமிக்கு இரண்டடி பின்னால் அல்ல, பக்கத்திலேயே நின்றேன்.

அப்போது கதவுக்கு வெளியே ஒரு குழந்தை அழுதது.

யாருடைய குழந்தையோ. பசி அழுகை. அம்மாக்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் காதுக்குப் போவதற்குள் உடம்புக்குப் போய்விடும். காலையில் குளியலறையில் பிழிந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பயனில்லை. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. வெளிர்நீலக் காட்டன் புடவையில் ஈரம் கறுத்துப் படர்ந்தது. எதிரே அத்தனை ஆண்கள். மேடை விளக்கு என் மேலேயே விழுந்தது.

நான் செய்தது எந்தப் பெண்ணும் செய்யக்கூடியதுதான். தோளைக் குறுக்கினேன், முழங்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து மறைத்தேன். கை குறுகியதும் புரோப் சாய்ந்தது. புரோப் சாய்ந்ததும் திரையில் பளபளத்த வெள்ளை நாணின் நடுவே கறுப்பாக ஒரு பள்ளம் விழுந்தது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். "கிழிசல்! முழுக் கிழிசல்!"

அரங்கம் பரபரத்தது. ஆட்டக்காரர் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்போ என் போட்டி?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

கையை நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நிமிர்த்தினால் என் நெஞ்சு தெரியும். நிமிர்த்தாவிட்டால் அந்தப் பிள்ளையின் தோள் கிழிந்துபோகும், மாமியின் வகுப்பும் சேர்ந்தே கிழிந்துபோகும். எனக்குக் கை அசையவில்லை. வெட்கம் என்பது இவ்வளவு கனமான பொருள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

மாமி திரையைப் பார்த்தார். அடுத்து என் கையை. அடுத்து என்னை.

பிறகு மேசையிலிருந்த பெரிய ஜெல் பாட்டிலை எடுத்தார். "ஜெல் போதலை" என்று ஆங்கிலத்தில் சபைக்கு அறிவித்தார். கவிழ்த்துப் பிடித்தார், வரவில்லை. உதறினார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். மூடி துப்பாக்கிக் குண்டாகப் பறந்தது. பாதி ஜெல் என் புடவையில் கழுத்து முதல் இடுப்புவரை. மீதியில் பெரும்பகுதி அவருடைய முகவாயிலும் அரக்குப் பட்டிலும். எஞ்சிய ஒரு கட்டி மேடையைத் தாண்டிப் போய், தலைவரின் தங்கப் பிரேம் கண்ணாடியில் உட்கார்ந்தது.

அரங்கமே அதிர்ந்து சிரித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மாமி "ஐயய்யோ, ஐயய்யோ" என்று பெரிய பச்சைத் துணியோடு என்மேல் பாய்ந்து, துடைக்கிற சாக்கில் அதை என் தோளோடு சேர்த்துச் சுற்றிச் செருகினார். அப்போது என் காதருகே மெல்லச் சொன்னார்:

"இப்ப நிமிருடி. அந்தப் பையன் அழுதுடுவான்."

நிமிர்ந்தேன். புரோப் நிமிர்ந்தது. திரையில் கறுப்பு மறைந்து, நாண் முழுசாக, வெள்ளை வெளேரென்று வந்து நின்றது. ஆட்டக்காரர் மூச்சை விட்டது மைக்கில் கேட்டது. மாமி சபையைப் பார்த்து, "சாய்ந்த கை பொய் சொல்லும். ஒருவருடைய ஆட்டத்தை நிறுத்துமுன் உங்கள் கையை நிமிர்த்திப் பாருங்கள்" என்றார். அருமையான பாடம். ஆனால் முகவாயில் ஜெல் வழிய நின்றுகொண்டு யார் சொன்னாலும் அது பாதிதான் ஏறும். எழுந்து "கிழிசல்" என்று கத்தியவரே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மிகவும் கலகலப்பான வகுப்பு" என்றார். நன்றியுரையில் அடுத்த வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஓட்டல் அறையில் மாமி குழாயடியில் பட்டுப்புடவையை அலசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

"என்னாலதான் மாமி. எல்லாம் என்னாலதான்."

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ. பால் கட்டிண்டா ஜுரம் வரும். போய்ப் பிழிஞ்சுட்டு வா மொதல்ல."

"நீங்க ஒரு நாளாவது டாக்டரா நிக்கணும்னு சொன்னீங்களே."

மாமி குழாயை மூடினார். "என் பெரியவனுக்கு மூணு மாசம். ஆத்துல விட்டுட்டு வாய்மொழிப் பரீட்சைக்குப் போனேன். எதிர்ல நாலு ஆம்பளை டாக்டர். இதே கதைதான். புஸ்தகத்தை நெஞ்சோட அணைச்சுண்டு நின்னேன். கேட்ட கேள்வி ஒண்ணும் காதுல விழலை. ஃபெயில். ஏன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்க முடியலை." குழாயைத் திரும்பத் திறந்தார். "போடி, போய்ப் பிழி."

ஊர் திரும்பிச் சில மாதங்களில் கோலாலம்பூரிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. என் பெயருக்கு. அடுத்த வகுப்பை நான் நடத்த வேண்டுமாம். உடன் ஸ்கேனுக்கு உடம்பைக் கொடுக்க ஒருவரை அழைத்து வரலாம், செலவு அவர்களுடையது. மாமியின் பெயர் எங்குமே இல்லை. அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மாமி இருக்கிற பக்கம் பார்க்கவே கூசியது. வேண்டாம் என்று எழுதிவிட நினைத்தேன். எழுதினால் மாமிக்குச் செய்கிற மரியாதையா, அவர் கற்றுத்தந்ததற்குச் செய்கிற அவமரியாதையா என்று புரியாமல் அதையும் செய்யவில்லை. ஆனால் எங்கள் சென்டரில் எதுதான் மறைந்தது? கஜபதி லிஃப்ட் கதவைத் திறக்கும்போதே சொன்னார்.

"ஃபாரின்ல உனக்கு பேப்பர் வந்துகீதாமே! மாமி எல்லார் கையிலயும் சொல்லிகினு கீறாங்க."

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். "நான் போகப்போறதில்ல மாமி."

"போகாம இருந்து பாரு. காலை ஒடிச்சு, அதை நானே ஸ்கேன் பண்ணுவேன்."

"நீங்க வந்தா போறேன்."

"என்னைத்தான் கூப்பிடலையேடி."

"ஸ்கேனுக்கு ஒரு ஆள் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்காங்க." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. கட்டிலில் படுத்துக் காலை நீட்டவா அவரைக் கூப்பிடுகிறேன்? என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயே திறக்கப்படாது, அப்படித்தானே?" என்றார். "சரி, வரேன். என் கணுக்கால் நன்னாத்தான் இருக்கும். யாரும் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

இரண்டாம் முறை அந்த மேடையில் நான் பேசினேன். மாமி கட்டிலில் படுத்திருந்தார், வலது காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு. மெட்டி விளக்கில் மின்னியது. முன்வரிசையில் அதே தங்கப் பிரேம் கண்ணாடி. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் மாமியின் குரலுக்காகக் காத்திருந்தேன். தப்பு என்பார், சாயாதே என்பார், ஏதாவது சொல்வார். ஒன்றும் இல்லை. நான் சொல்வது அவ்வளவு மோசமா, திருத்தக்கூட முடியாத அளவுக்கா என்று கலங்கிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மாமி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் சற்றே திறந்து, மெல்லிய குறட்டையோடு, சொந்த வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பதுபோல.

முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினேன். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, மீதிப் பாடம் முழுவதையும் அவர் தூக்கம் கலையாத குரலில் நடத்தி முடித்தேன்.